பெயரனும் பெயர்த்தியும்

பேரன் பிறந்த செய்தியைக் கேட்ட முதியவர் ஒருவரின் முகத்தைக் கண்டவர்கள், அம்மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது அரிது என்பதை ஒப்புக்கொள்வர். பதவி உயர்வு பெற்ற நாளிலும், தவணை கட்டி முடித்து வீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கிய நாளிலும் தோன்றாத ஒளி அன்று அவர் முகத்தில் தோன்றுகிறது. தமக்கு மகன் பிறந்தபோதும் அவர் மகிழ்ந்தவரே. ஆயினும் அந்த மகிழ்ச்சியோடு மருத்துவச் செலவு, வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எனப் பல கவலைகளும் கலந்திருந்தன. பேரன் பிறக்கும்போது கவலைப்பட வேண்டியவன் மகன். மகிழ வேண்டியவர் மட்டுமே இவர்!

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம்மனோர்க்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. விடியற்காலையில் எழுந்து, ஐந்து மணி மின்சார வண்டியைப் பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் தந்தை, தம் குழந்தைகளை உறங்கும் நிலையிலேயே கண்டவர். குழந்தை குப்புற விழுந்ததையும், தவழ்ந்ததையும், முதற்பல் முளைத்ததையும் மனைவி சொல்லக் கேட்டறிந்தவர். வார ஓய்வு நாளில் அவர் எடுத்துக் கொஞ்சப் போனால், அறியாத முகத்தைக் கண்டதுபோல் குழந்தை வீரிட்டு அழுவதும் உண்டு. அந்நாட்களில் இழந்ததை, ஓய்வு பெற்ற பின் பேரக்குழந்தையினிடம் அவர் பெறுகிறார். தாத்தா ஆன மகிழ்ச்சியில் பாதி, பிந்தி வந்த தந்தைமையின் மகிழ்ச்சியே எனலாம்.

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையே சான்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனக் குழந்தைப் பருவத்தை அது வகுக்கிறது. பிறகு ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்றும், பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவையும் சேர்ந்து பத்துப் பருவங்களாகின்றன. ஐந்தாம் திங்களில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கையூன்றித் தலையை அசைப்பது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கையையும் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்ததும் தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. இவற்றை நூலில் படித்தறிவதைவிட, வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து அமர்ந்து நாள்தோறும் கண்டறியும் பேறு தாத்தா பாட்டியர்க்கே வாய்க்கிறது.

இனிச் சொல்லை நோக்குவோம். 'பேரன்' என நாம் வழங்குவது 'பெயரன்' என்பதன் மரூஉ. 'பேத்தி' என்பது 'பெயர்த்தி'. பெயரைத் தாங்கியவன், பெயரைத் தாங்கியவள் என்பது பொருள். இந்தியில் மகனின் மகனைப் 'போதா' என்கின்றனர். அது மகனின் மகன் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழியில் வந்தது. தமிழ்ச் சொல்லோ பிறப்பு முறையைச் சொல்லவில்லை; பெயரைச் சொல்கிறது. பாட்டனின் பெயரைத் தாங்கி நிற்பவன் எவனோ அவன் பெயரன். இன்னொன்றும் கருதத் தக்கது. மகன் வயிற்றில் பிறந்தவனுக்கும் மகள் வயிற்றில் பிறந்தவனுக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான். வேறுபாடு காட்ட விரும்பினால் மகன் வயிற்றுப் பேரன், மகள் வயிற்றுப் பேரன் என அடைமொழி சேர்க்க வேண்டும். 'பேரன்' என்ற அளவில் இருவரும் சமமே.

இது பழைய வழக்கம் என்பதற்கு ஐங்குறுநூற்றில் ஓர் அழகிய சான்று உண்டு. பேயனார் பாடிய முல்லைப் பகுதியில், மணம் புரிந்து சென்ற மகளின் இல்லத்தைக் கண்டு திரும்பிய செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கிறாள். தன் தந்தையின் பெயரைத் தாங்கிய சிறுமகன் புன்முறுவலுடன் சிறுதேர் உருட்டித் தளர்நடை நடப்பதைக் கண்டு, தலைவன் உள்ளம் அக்குழந்தையினிடம் பெரிதும் தோய்ந்திருக்கிறது என்பது அவள் கூறும் செய்தி. அதைக் கேட்பவள் யார்? அக்குழந்தையின் தாயைப் பெற்ற பாட்டி! தொலைவில் இருக்கும் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு மகிழும் பாட்டியர் நம் காலத்தில்தான் தோன்றினர் என்று எண்ண வேண்டா. இன்று கைப்பேசியில் கேட்கிறார்கள். அன்று செவிலியின் வாய்மொழியால் கேட்டார்கள்.

தென்னாட்டில் இவ்வழக்கம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் வைப்பது பல குடும்பங்களில் முறை. பெண்மக்களுக்கும் அவ்வாறே பாட்டியரின் பெயர்கள். எடுத்துக்காட்டாக, சுடலைமுத்து என்பாரின் மகன் பேச்சிமுத்து எனக் கொள்வோம். பேச்சிமுத்துவுக்கு மகன் பிறந்தால் அவன் சுடலைமுத்து. தந்தையின் பெயரே முதலெழுத்து ஆதலால், 'சு. பேச்சிமுத்து'வின் மகன் 'பே. சுடலைமுத்து' ஆகிறான், அவனுடைய மகன் மீண்டும் 'சு. பேச்சிமுத்து'. இரண்டே பெயர்கள் ஏற்றக்கோல்போல் மாறி மாறி மேலும் கீழும் வந்து நூறாண்டுகளைக் கடக்கின்றன. குடும்பப் பெயர் என ஒன்றும் இல்லாமலேயே குடும்பம் தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி இது.

இதனால் விளையும் வேடிக்கையும் உண்டு. மாமனாரின் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், அதே பெயருடைய தன் மகனை எவ்வாறு அழைப்பாள்? 'ராசா' என்பாள், 'ஐயா' என்பாள், 'பெரியவனே' என்பாள். குழந்தை குறும்பு செய்தால் பெயர் சொல்லித் திட்டவும் முடியாது. திட்டினால் திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவர், "யாரைச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிடுவார்! பாட்டனின் பெயர் பேரனுக்குக் கவசமாகவும் பயன்பட்டது.

நிற்க. ஊரில் இயல்பாக நடந்த இம்முறை, வெளி மாநிலங்களில் வாழும் நமக்குப் பல இடர்களைத் தருகிறது. இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் எனக்கு, விண்ணப்பங்களில் பெயர்களைப் படிப்பதே நாள்தோறும் வேலை. ஒரே தமிழ் அன்பரின் பெயர் ஒரு தாளில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் தந்தை பெயர் முன்னே வரவும், மற்றொன்றில் பின்னே வரவும் இருப்பதைக் காண்கிறேன். 'குடும்பப் பெயர்' எனக் கேட்கும் கட்டத்தில் சிலர் தந்தை பெயரை எழுதுகின்றனர். சிலர் ஊர்ப் பெயரை எழுதுகின்றனர். சிலர் கோடு இழுத்து விடுகின்றனர். ஓய்வூதியம் பெறும் காலத்தில் இம்மூன்று தாள்களும் ஒருவரையே குறிக்கின்றன என மெய்ப்பிக்க முதியவர்கள் அலையும் அலைச்சல் சொல்லும் தரமன்று.

அக்கட்டத்தில் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லாததற்குப் பெருமைக்குரிய காரணமும் ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டங்களை இடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வியக்கத்தின் பயனாகத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரின் பின்னே சாதியைச் சுமப்பதில்லை. எனவே வடபுலத்தில் நம் பிள்ளையைப் பார்த்து, "உன் குடும்பப் பெயர் என்ன?" எனக் கேட்டால், அவன் வெட்கப்பட வேண்டுவதில்லை. "எங்களுக்கு அஃது இல்லை, எங்கள் தாத்தாவின் பெயர் உண்டு" எனத் தலைநிமிர்ந்து சொல்லலாம். மராட்டியரும் தம் பெயரை அடுத்துத் தந்தை பெயரை எழுதி, அதன் பின்னரே குடும்பப் பெயரை எழுதுகின்றனர். ஆகவே தந்தை பெயரைத் தாங்கும் நம் வழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. எடுத்துச் சொன்னால் எளிதில் விளங்கிக்கொள்வர்.

புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆயினும் அதற்குள் பெயரையும் முடிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, அந்நாளிலிருந்து 12 திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னரும் 15 ஆண்டுகள் வரை உரிய கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி உண்டு. ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவதுதான் கடினம். 2023-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்று பிறப்புச் சான்றிதழே. ஆதலின் அவசரப்பட்டு எதையாவது எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவதினும், தாத்தா பாட்டியரையும் கலந்து பேசி, முதலெழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதிக் கொடுத்தல் நன்று.

கலந்து பேசும்போதுதான் மனத்தாங்கல் தோன்றுகிறது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையே. அண்மையில் நம் குடியிருப்பில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். நெல்லைச் சீமையிலிருந்து இளமையில் மும்பைக்கு வந்து, இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அண்ணாச்சி என்றே நாங்கள் அனைவரும் அழைப்போம். அவருக்கு ஒரே மகள். அவள் தன்னுடன் பணியாற்றிய மராட்டிய இளைஞரை இரு வீட்டார் இசைவுடன் மணந்தாள். சென்ற ஆண்டு அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அண்ணாச்சி குடியிருப்பு முழுவதற்கும் இனிப்பு வழங்கினார். ஆனால் மூன்று நாட்களுக்குப் பின் மாலையில் நடைமேடைப் பலகையில் தனியே அமர்ந்திருந்த அவரைக் கண்டபோது முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, பேரனைப் பார்க்கப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"போய்த்தான் வந்தேன், தம்பி. அவர்கள் வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. பெயர் சூட்டும் நாளைக் குறித்துவிட்டார்கள். என் தகப்பனார் பெயரை எனக்கு ஒரு மகன் பிறந்தால் வைக்கலாம் என்று இருந்தேன்; பிறக்கவில்லை. என் பெயரை வைக்க மகன் வயிற்றுப் பேரன் இல்லை. ஊரில் இருந்த நிலத்தை மகள் படிப்புக்காக விற்றாயிற்று. கொடுப்பதற்கு என்னிடம் பெயர் ஒன்றுதான் மிச்சம், அதுவும் என்னோடு போகும்" என்றார்.

இதில் குற்றம் சொல்ல எவரும் இல்லை. மருமகன் நல்லவர், சம்பந்தி வீட்டார் மரியாதை குறையாதவர்கள். ஆயினும் அண்ணாச்சியின் துயரம் பொய்யன்று. இந்நகரங்களில் வாழும் எத்தனையோ தமிழ்ப் பெற்றோரின் உள்ளத்தில் அத்துயரம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்பவர் சிலரே. நான் அவரிடம் சோழர் வரலாற்றிலிருந்து ஒரு குடும்பச் செய்தியை நினைவூட்டினேன். அதனை இங்கும் கூறுவது பொருந்தும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், தன் தமக்கை குந்தவையின் பெயரையே தன் மகள் ஒருத்திக்கும் வைத்தான். அம்மகளை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். வேங்கி தெலுங்கு நாடு. மொழி வேறு, குலம் வேறு. அங்கே குந்தவைக்குப் பிறந்த மகனுக்கு என்ன பெயர் அமைந்தது? இராசராசன்! தாயைப் பெற்ற பாட்டனின் பெயரே. அவன் இராசராச நரேந்திரன் என வரலாற்றில் புகழ்பெற்றான். அவன் தன் மாமன் முதலாம் இராசேந்திரனின் மகளாகிய அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனின் இயற்பெயர் இராசேந்திரன். மீண்டும் தாய்வழிப் பாட்டனின் பெயர். இரண்டு தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பாட்டனின் பெயரைத் தெலுங்கு நாட்டுப் பேரன் தாங்கினான். அந்த இராசேந்திரனே 1070-ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறி, முதலாம் குலோத்துங்கன் எனப் பெயர் பெற்று நெடுங்காலம் ஆண்டான். மகன் வழியில் தளர்ந்த சோழர் குலம் மகள் வழியில் தழைத்தது.

குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், அவன் பிறப்பைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. பிறந்த குழந்தையைக் கண்ட பாட்டியாகிய சோழமாதேவி, அதன் அடையாளங்களை நோக்கி, இவன் நமக்கும் மகனாகி நம் குலத்தை விளக்கத் தக்கவன் என உள்ளம் பூரித்ததாகச் சயங்கொண்டார் பாடியிருக்கிறார். பேரரசியும் பேரக்குழந்தையின் முன் ஒரு பாட்டிதான் அன்றோ?

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத மற்றொரு பகுதி உள்ளது. தமிழ்ப் பாட்டனின் பெயரைத் தாங்கிய இராசராச நரேந்திரன் தெலுங்கு மொழிக்கு அயலானாக இருக்கவில்லை. நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது அவனுடைய அவையில்தான். தெலுங்குக் காவியத்தின் தோற்றத்தை எழுதுவோர் அவன் பெயரைத் தவிர்க்க முடியாது. பாட்டனின் பெயரைத் தாங்குவதும் பிறந்த மண்ணின் மொழியைப் போற்றுவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "அவர்கள் அரசர்கள், தம்பி. நான் தகரப் பெட்டியோடு வந்தவன்" என்று சொல்லிச் சிரித்தார். எனினும் மறுநாள் மகளிடம் தம் உள்ளத்தைத் திறந்து பேசினார் என்று பின்னர் அறிந்தேன். அவள் அதனை மாமியாரிடம் தெரிவித்தாள்.

மராட்டியரின் பெயர் சூட்டு விழாவைப் 'பார்ஸே' என்பர். குழந்தையைத் தொட்டிலிலிட்டு, தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தை அதன் காதில் பெயரைச் சொல்வது அங்கே முறை. அவர்கள் மொழியில் அவளுக்கு 'ஆத்யா' என்று பெயர். நம் 'அத்தை'க்கு எத்துணை நெருக்கமாக ஒலிக்கிறது பாருங்கள்! அன்று அந்த அம்மையார், பெற்றோர் தேர்ந்தெடுத்த பெயரை முதலில் குழந்தையின் காதில் சொன்னார். பிறகு எழுந்து, அண்ணாச்சியைத் தொட்டிலருகே அழைத்து, "உங்கள் வீட்டுப் பெயரை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அண்ணாச்சி குனிந்தார். எந்தப் பெயரைச் சொன்னார் என்பது எங்கள் செவியில் விழவில்லை. தம் பெயரையா, தம் தகப்பனார் பெயரையா என நானும் கேட்கவில்லை.

சான்றிதழில் அப்பெயர் இல்லை. பள்ளியில் அவனை எவரும் அப்பெயரால் அழைக்கப்போவதில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு வரும்போது மட்டும் அது வழங்கும். பாதிப் பெயர், பாதி வெற்றி என்று எண்ணுவோர் எண்ணட்டும். வீட்டுக்குள் வழங்கும் பெயரே குழந்தையை அணைத்து உறங்க வைக்கும் பெயர் என்பது என் கருத்து.

பெயர் சூட்டுவது ஒருநாள் நிகழ்ச்சி; முறை சொல்லி அழைப்பது நாள்தோறும் நிகழ்வது. இதிலும் நாம் கருத்தூன்ற வேண்டும். இந்தியில் தந்தையின் பெற்றோரைத் 'தாதா', 'தாதி' என்றும், தாயின் பெற்றோரை 'நானா', 'நானி' என்றும் பிரித்து அழைக்கின்றனர். மராட்டியில் 'ஆஜோபா', 'ஆஜி'. தமிழில் தாத்தா, பாட்டி எனப் பொதுவாக வழங்கினும், வட்டாரந்தோறும் எத்துணை வளமான முறைச்சொற்கள்! நெல்லையில் ஆச்சி. கொங்கு நாட்டில் தாயின் தந்தை அப்புச்சி. தாயின் தாய் அம்முச்சி. தந்தையின் தந்தை அப்பாரு. செட்டிநாட்டில் தந்தையின் தாய் அப்பத்தா. தாயின் தாய் ஆயா. பிற இடங்களில் அப்பாயி, அம்மாயி, அம்மாச்சி என இன்னும் பல. நகரத்துக் குழந்தைகளின் வாயில் இவையெல்லாம் தேய்ந்து வருகின்றன. குழந்தை அக்கம்பக்கத்தாரோடு இந்தியில் பேசட்டும், பள்ளியில் ஆங்கிலம் பேசட்டும். தன் அப்புச்சியை அப்புச்சி என்றே அழைக்கட்டும். முழு வாக்கியம் தமிழில் அமைக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்த ஒரு சொல் எளிதில் வாய்க்கும். அச்சொல்லைக் கேட்டவுடன் அது எந்த வட்டாரத்து வீட்டுப் பிள்ளை என்று தமிழர் அறிவர். ஐந்து எழுத்தில் ஊரின் முகவரியே அடங்கியிருக்கிறது.

மரபு என்று வந்ததெல்லாம் அப்படியே கைக்கொள்ளத் தக்கதா எனவும் சிந்திக்க வேண்டும். தென்மாவட்டங்களில் குழந்தை பிறந்தவுடன் குடும்பத்து மூத்தவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ அதன் நாவில் தொட்டு வைப்பர். 'சேனை வைத்தல்' என்பது அதன் பெயர். வைத்தவரின் குணம் குழந்தைக்கு அமையும் என்பது நம்பிக்கை. வசம்பு, சுக்கு, மாசிக்காய் முதலியவற்றை உரைகல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்தும் பாட்டியரின் கைவழக்கு. முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலைத் தவிர வேறு எதனையும் புகட்ட வேண்டா என்றும், ஓராண்டு நிறையும் முன் தேன் கொடுக்கவே கூடாது என்றும் இக்கால மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். மருமகளோ மகளோ அதனை எடுத்துச் சொன்னால், "உங்களையெல்லாம் நாங்கள் இப்படித்தானே வளர்த்தோம்!" எனப் பாட்டியர் முகம் திருப்பலாகாது. சேனையை விட்டாலும், அதன் உட்பொருளை விட வேண்டுவதில்லை. நம் நல்ல குணம் குழந்தைக்கு அமைய வேண்டுமென்று விரும்பினால், அதன் பக்கத்தில் அமர்ந்து நல்ல சொற்களைப் பேசலாம், தாலாட்டுப் பாடலாம், முன்னோர் பெயரைக் காதில் சொல்லலாம். இவை எந்தக் குழந்தையின் வயிற்றையும் கெடுத்ததில்லை!

குடும்பப் பாரம்பரியம் என்றவுடன் அரண்மனைகளையும் பட்டயங்களையும் நினைத்து, நமக்கு ஏது பாரம்பரியம் என ஒதுங்குவோர் உளர். தகரப் பெட்டியோடு வந்தவருக்கும் அது உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தார். எந்த ஆண்டு, எந்த வண்டியில் ஏறினார். சோலாப்பூர் தாண்டியதும் மொழி புரியாமல் என்ன செய்தார். முதலில் எவர் வீட்டில் தங்கினார். முதற் சம்பளம் எவ்வளவு. அதில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார். குலதெய்வம் எந்தக் காட்டில், எந்த மரத்தடியில் இருக்கிறது. பாட்டன் பூட்டன் பெயர்கள் யாவை. பாட்டி பூட்டியின் பெயர்கள் யாவை. இவற்றைப் பேரக்குழந்தை என்றேனும் ஒருநாள் கேட்கும். கேட்கும் வயது வரும்போது சொல்பவர் இல்லாமற் போகலாம்.

ஆகவே பேரன் பேத்தி பெற்ற பெரியோர்க்கு என் வேண்டுகோள் இதுவே. கோடிட்ட குறிப்பேடு ஒன்றை வாங்குங்கள். முதற்பக்கத்தில் குழந்தையின் பெயரை எழுதுங்கள். அதன் மேலே தாய், தந்தை இருவர் பெயரையும், அவர்களுக்கு மேலே தாத்தா பாட்டியர் நால்வர் பெயரையும், நினைவு எட்டும் வரை மேலே உள்ளோர் பெயர்களையும் எழுதுங்கள். பெண்களின் பெயர்கள் பல குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு மேல் தெரியாமற் போகின்றன. 'சின்னத்தாயின் அம்மா', 'மேலத்தெரு ஆச்சி' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அவற்றைத் தேடிப்பிடித்து எழுதுவது முதற்கடமை. தமிழிலும் எழுதுங்கள்; குழந்தை பள்ளியில் படிக்கப்போகும் எழுத்திலும் அடியில் எழுதுங்கள். தமிழ் எழுத்து அறியாத பேரனும் தன் பூட்டியின் பெயரைப் படிக்க வேண்டும் அன்றோ?

எழுதக் கண் ஒத்துழையாத பெரியவர்கள் வாயால் சொல்ல, வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளை எழுதட்டும். அண்ணாச்சி இதனைத் தொடங்கிவிட்டார். எட்டுப் பக்கம் முடிந்திருக்கிறது. அவருடைய தாயைப் பெற்ற பாட்டியின் பெயர் மட்டும் தெரியவில்லையாம். ஊரில் இருக்கும் தொண்ணூறு வயது அத்தையைக் கேட்பதற்காக அடுத்த திங்கள் நாகர்கோவில் வண்டியில் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்.